இல்லம் தேடிக் கல்வி பற்றி வரும் ஃபார்வர்டு தவறு

"இல்லம் தேடிக் கல்வி மையத்துக்குப் போகும் பிள்ளைகளின் மார்க், போகாதவர்களைவிடக் குறைவு. மாலை வகுப்பால் பிள்ளைகள் கெடுகிறார்கள்." தர்மபுரி, பென்னாகரம் பெற்றோர் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கொரோனாவில் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்கு, தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுப்பதற்காகத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் அதிகம் வரும் இடத்தில் சராசரி குறைவாகத்தான் இருக்கும். மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம் என்பதற்காக, மருத்துவமனைதான் நோயைத் தருகிறது என்போமா?

பார்க்க வேண்டியது வளர்ச்சியை. ஓர் உதாரணக் கணக்கு: மையத்துக்கு வரும் பிள்ளை 20-லிருந்து 34-க்கு வருகிறது, வராத பிள்ளை 50-லிருந்து 58-க்கு. கடைசி மார்க்கை மட்டும் பார்த்தால் முதல் பிள்ளை மோசம். உயர்வைப் பார்த்தால் 14-க்கு எதிரே 8. இரண்டு முறையும் தேர்வு ஒரே தரத்தில் இருக்க வேண்டும்; வருகைப் பதிவும் வேண்டும். பெயர் மட்டும் கொடுத்துவிட்டு வராத பிள்ளையையும் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

பொருளாதார ஆய்வாளர்களான அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை இப்படித்தான் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்த 6 மாதத்தில், கொரோனாவால் வந்த கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இத்திட்டத்தால். மீதியையும் இதன் கணக்கில் எழுதுவது தவறுதான். அமெரிக்கப் பொருளாதார ஆய்வு அமைப்பான என்.பி.இ.ஆர் (NBER) தளத்தில் இந்த ஆய்வை 30552 என்ற எண்ணில் பார்க்கலாம்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்த குழுவிலேயே இந்த விளக்கத்தைப் போடுங்கள்.