ஏரிக்கரையில் படம் போடுகிறவர்கள் கவனத்துக்கு

கோடை வந்துவிட்டால் ஏரிக்கரைத் திரைப்பட விழா அறிவிப்புகளும் வந்துவிடும். விளம்பரப் படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. செம்மையும் ஊதாவும் கலந்த அந்தி வானம், மினுங்கும் நீர், மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் கூட்டம், எதிரே பெரிய திரை, அதில் பளிச்சென்று ஒரு முத்தக் காட்சி. எனக்கு எரிச்சல் தொடங்குவதே அங்கேதான். வானத்தில் அவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது திரையில் முத்தமும் தெரியாது, முகமும் தெரியாது. அது கணினியில் ஒட்டவைத்த படம். ஒட்டவைத்ததோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. விழாவையே அந்தப் படத்தை நம்பித்தான் நடத்துகிறார்கள்.

என் குறை இதுதான்: ஏரியைக் காட்டி ஆள் சேர்க்கிறார்கள், ஏரி என்ன கேட்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. எப்போது தொடங்குவது, திரையை எப்படி நிறுத்துவது, ஒலியை எந்தப் பக்கம் திருப்புவது, எந்தப் படத்தைப் போடுவது, எல்லாவற்றையும் ஏதோ நாலு சுவருக்குள் நடத்துவதுபோல் முடிவு செய்துவிட்டு, கடைசியில் இயற்கை ஒத்துழைக்கவில்லை என்று வருத்தம் தெரிவிப்பார்கள்.

முதலில் இருட்டு. திரையரங்கில் வெண்திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 48 கேண்டலா (ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது தொழில் தரம். மூடிய அறையில் அது தாராளம். வெட்டவெளியில் சூரியன் மறையும் தறுவாயில் வானத்திலிருந்து திரைமேல் விழும் வெளிச்சமே அதைத் தாண்டிவிடும். இன்னும் பெரிய புரொஜெக்டர் கொண்டு வருகிறோம் என்பார்கள். எவ்வளவு பெரிய புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. ஒளி படாத இடம்தான் கறுப்பு. வானம் வெளுத்திருக்கும்வரை படத்தில் கறுப்பே கிடையாது, சாம்பல்தான்.

போன கோடையில் நான் போன ஒரு விழாவில், குழந்தைகளோடு வந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்று காரணம் சொல்லி, வெளிச்சம் இருக்கும்போதே படத்தைத் தொடங்கிவிட்டார்கள். தேர்ந்தெடுத்திருந்ததோ பாதிக்கு மேல் இரவில் நடக்கும் ஒரு துப்பறியும் கதை. யாரோ யாரையோ துரத்துகிறார்கள். காலடிச் சத்தம் கேட்கிறது, மூச்சிரைப்பு கேட்கிறது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை. என் முன்னால் இருந்த சிறுமி அப்பாவிடம், “இன்னும் ஆரம்பிக்கவில்லையா?” என்று கேட்டாள். கொலை நடந்து முடிந்திருந்தது.

அந்திப்பொழுதின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். பூமத்தியரேகைக்கு அருகே சூரியன் மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் இருட்டத் தொடங்கிவிடும். ஜூன் மாத வட ஐரோப்பாவில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். சுவிட்சர்லாந்தில் மஜோரே ஏரியை ஒட்டிய லொகார்னோவில், 1946 முதல் நடக்கும் விழாவின் திறந்தவெளிக் காட்சி ஆகஸ்டு மாதத்திலும் இரவு ஒன்பதரைக்குத்தான் தொடங்குகிறது. 26 மீட்டர் அகலத் திரை, எட்டாயிரம் பேர் உட்காரும் சதுக்கம். அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள். பின்லாந்தின் சோடன்கூலாவில் ஜூனில் சூரியன் மறைவதே இல்லை. 1986-இல் அங்கே விழா தொடங்கியவர்கள் அந்த வெளிச்சத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. படத்தைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய், இரவு பகல் பாராமல் ஓட்டுகிறார்கள். இருட்டும்வரை கூட்டத்தை எப்படி உட்காரவைப்பது என்று கேட்டால், பாட்டுக் கச்சேரி வையுங்கள், இயக்குநரைப் பேசவிடுங்கள், வானம் மங்கத் தொடங்கியதும் பளிச்சென்ற நிறங்களில் ஒரு குறும் அனிமேஷன் போடுங்கள். குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

காற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கணக்குப் போட்டாலே போதும். 60 சதுர மீட்டர்த் திரைமேல் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், சுமார் 400 கிலோ எடை சாய்த்துத் தள்ளுவதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. காற்றடைத்த திரையை மணலில் முளையடித்துக் கட்டிவிட்டு, பாய்மரக் கப்பல் எப்படி ஓடுகிறது என்று வியக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜூரிச் ஏரிக்கரையில் ஒவ்வொரு கோடையிலும் நிறுவப்படும் திரை, பகலில் நீர்மேல் படுத்திருக்கும். இருட்டும் நேரத்தில் ஹைட்ராலிக் இயந்திரம் அதை மெல்ல நிமிர்த்தும். கூட்டம் அதற்கே கை தட்டுகிறது. எல்லோருக்கும் அந்த வசதி கிடைக்காது, தெரியும். காற்று மிஞ்சினால் திரையை இறக்கிவிட ஒரு வழியும், அதை முடிவு செய்ய ஓர் ஆளும் வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

ஒலிதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மிகவும் கோபம் வரும் விஷயமும். கோடை இரவில் ஏரி நீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு என்பதால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்குகிறது. நீரின் சமதளம் அதை மீண்டும் எழுப்பி அனுப்புகிறது. இப்படியே எதிர்க்கரை வரைக்கும் போய்விடும். அங்கே தூங்க முயல்கிறவர் நள்ளிரவில் துப்பாக்கிச் சத்தத்தையும் அழுகையையும் படமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த ஆண்டு விழாவுக்கு எதிராக முதல் மனுப் போடுகிறவரும் அவரே. அவர்மேல் தப்பே இல்லை. இரண்டு ராட்சத ஒலிபெருக்கிகளை நீரைப் பார்த்து நிறுத்துவதற்குப் பதில், சிறியவற்றைப் பலவாகப் பிரித்து, ஏரிக்கு முதுகு காட்டி, ஆட்களுக்கு அருகில் வைத்தால் எதிர்க்கரைக்குப் போகும் சத்தத்தை நன்றாகக் குறைக்கலாம். சிலர் ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பு காதில் விழாமல் பார்ப்பதற்கு நான் ஏன் ஈர மணலில் உட்கார வேண்டும்?

இனி படத் தேர்வு. மணற்கரையில் சரிவு கிடையாது. முன்னால் இருப்பவரின் தலை அப்படியே திரையின் அடிப்பகுதியில் போய் நிற்கும். சப்டைட்டில் ஓடுவதும் அங்கேதான். அயல்மொழிப் படம் போடும் விழா, திரையை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றிக் கட்டாவிட்டால், பாதிப் பேர் கதையை ஊகித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். முணுமுணுப்பாகப் பேசும் நாடகங்கள் அலைச் சத்தத்தில் கரைந்துவிடும். பரந்த நிலக்காட்சி, உடலசைவு, இசை, இவற்றால் நகரும் படங்கள் வெளியில் தழைக்கும். நேரடி வாத்திய இசையோடு மௌனப் படம் போட்டால் அதற்கு ஈடே இல்லை. அதற்காகத் தலையணையில் சாய்ந்து பார்க்கும் பொழுதுபோக்குப் படம் மட்டும் போதும் என்கிற மெத்தனத்தை நான் ஏற்க மாட்டேன். உலகின் முதல் பெரிய திரைப்பட விழாவான வெனிஸ் விழாவே 1932-இல் லிடோ தீவில், கடற்கரை ஓட்டல் ஒன்றின் திறந்த மேல்தளத்தில்தான் தொடங்கியது. வெட்டவெளி என்றால் தரம் குறைவு என்பது அதற்கப்புறம் முளைத்த எண்ணம்.

இடத்துக்கு ஏற்றபடி யோசித்தவர்களும் இருக்கிறார்கள். டொராண்டோவில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருபக்கத் திரை ஒன்றை மிதவைமேல் நிறுத்தி, மணலில் இருப்பவர்கள் ஒருபுறமும் படகில் வந்தவர்கள் மறுபுறமுமாகப் பார்க்கும்படி செய்தார்கள். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பிரம்மாண்டத் திரையைத் தண்ணீரில் நனைத்து, இருபுறமும் படம் தெரியச் செய்தது நினைவுக்கு வருகிறது. (ஒரு பக்கத்தாருக்கு இடம் வலமாகத் தெரிந்திருக்கும், அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டார்களா தெரியவில்லை.)

பூச்சிகளை நான் மன்னித்துவிடுவேன். லென்ஸுக்கு முன்னால் ஒரு விட்டில் வட்டமடித்தால் கதாநாயகியின் நெற்றியில் பெரிய மங்கல் நிழல் ஒன்று ஓடும். ஒளிக்கற்றையில் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகள் சுழலும். குழந்தைகள் படத்தை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பி அதைத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மன்னிக்க முடியாதது நாற்காலி. இலவசமாகக் காட்டுகிறோம், குறை சொல்லாதே என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் டிராவர்ஸ் வளைகுடாக் கரையில் 2005-இல் தொடங்கிப் பல கோடைகள் நடந்த விழாவிலும் திறந்தவெளிக் காட்சி இலவசம்தான். இலவசம் என்பது அலட்சியத்துக்கு உரிமம் ஆகாது. விளம்பரதாரர்களுக்கும் அவர்களின் விருந்தினர்களுக்கும் உயரமான சாய்வு நாற்காலிகளை முதல் வரிசைகளில் போட்டு, கயிறு கட்டி, அவர்கள் வராமலே போன பிறகும் காலி முதுகுச் சாய்மானங்களுக்குப் பின்னால் எங்களை மணலில் உட்காரவைக்கிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்? நாற்காலிகள் கடைசியில் போகட்டும். தரையில் உட்காருகிறவர்கள் முன்னால் வரட்டும். இதற்குப் பணமும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். மாலையில் இரண்டு பேர் அரை மணி நேரம் நாற்காலிகளைத் தூக்கிப் பின்னால் போட்டால் போதும். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.