சிட்டையின் முதல் பக்கம்

போன ஞாயிறு பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு நாலு பிள்ளைகள் வந்தார்கள். உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கிறவர்கள். வகுப்பு வேலையாக ஒரு படத்தின் தொடக்கம் மட்டும் எடுக்க வேண்டுமாம். பெயர்கள் வரும், தலைப்பு வரும், முதல் காட்சி எட்டிப் பார்க்கும், அத்தோடு முடிந்தது. மொத்தம் இரண்டு நிமிடம். பாதாள உலகக் கும்பல் கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் பதினைந்து வருடமாக எடிட்டிங் செய்கிறவள் என்பதால் "அக்கா, ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க" என்று ஸ்டோரிபோர்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள்.

பன்னிரண்டு கட்டம். வரைந்த தம்பிக்கு நல்ல கை. தாமரைக் கோபுரத்துக்கு மேலே டிரோன். அடை மழை. கறுப்புக் கார். தொப்பி போட்ட ஒருவர், வாயில் சுருட்டு. மேசையில் துப்பாக்கி, பக்கத்தில் உருளும் தோட்டாக்கள். கடைசிக் கட்டத்தில் தலைப்பு, எழுத்துகளிலிருந்து இரத்தம் வடிகிறது.

ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துவிட்டு, "இதில் எதை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கோபுரத்தையும் மழையையும் சொன்னார்கள். மற்றதெல்லாம் போன் திரையில் கண்டது.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்குக் கோபம் வேறு இடத்தில். இந்தக் கதையைச் சொன்னதும் பெரியவர் ஒருவர், "ஏன் இந்தக் கண்றாவி? சுற்றாடல், போதை ஒழிப்பு, இப்படி நல்லதாக ஏதாவது எடுங்கோவன்" என்றாராம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இந்தப் பிள்ளைகள் காலையில் எழும்பிப் போனைத் திறந்தால் எங்கே சூடு, யார் கைது என்ற செய்திதான் முதலில் வருகிறது. கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் முகத்துவாரத்திலும் வளர்கிற பிள்ளையிடம் அதைப் பற்றிப் பேசாதே, மரம் நடுவதைப் பற்றி எடு என்றால், உன் கண்ணை மூடிக்கொள் என்று சொல்வதற்குச் சமம். எடுக்கட்டும். ஆனால் தங்கள் ஊரைப் பார்த்து எடுக்கட்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனாலும் இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அன்று மாலை அந்த மேசையில் நடந்தது எனக்கே பெரிய பாடம்.

தலைப்புக் காட்சி என்பதைப் பெயர் போடுகிற இடம் என்று மட்டும் நினைக்கிறோம். முன்பு அமெரிக்காவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். பெயர்கள் ஓடி முடியும்வரை தியேட்டர்காரர் திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார். 1955-இல் ஹெரோயினுக்கு அடிமையான ஒருவனைப் பற்றிய படத்துக்கு சோல் பாஸ் என்ற வடிவமைப்பாளர் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளை ஓடவிட்டு, கடைசியில் அவற்றை முறுகிய ஒரு கையாக மாற்றினார். படச்சுருளோடு, பெயர் ஓட முன்னமே சீலையை விலக்குங்கள் என்ற குறிப்பும் தியேட்டர்களுக்குப் போனது. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு கைதான். பார்க்கிறவனுக்கு அது போதும்.

அதே மனிதர் நாற்பது வருடம் கழித்து, 1995-இல், மனைவி எலெய்னோடு சேர்ந்து இயக்குநர் ஸ்கோர்செஸியின் கசினோ படத்துக்குத் தலைப்புக் காட்சி செய்தார். ஒருவர் காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறார், கார் வெடிக்கிறது. பிறகு அந்த உருவம் நெருப்புக்குள்ளும் லாஸ் வேகாஸின் விளக்குகளுக்குள்ளும் மிதந்து மிதந்து விழுகிறது, பின்னால் இசையமைப்பாளர் பாக்கின் தேவாலய இசை. கும்பல் படத்தின் தலைப்புக் காட்சிதான், ஆனால் யாரும் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டவில்லை. அந்த ஊரின் விளக்குகள்தான் அங்கே நரகம். அதைப் போனில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் மூன்று தரம் பார்த்தார்கள்.

1972-இல் வந்த காட்ஃபாதர் படத்தின் தொடக்கத்தையும் காட்டினேன். கறுப்புத் திரை, தனியே ஒரு டிரம்பெட், தலைப்பு எழுத்து. எழுத்தோடு ஒரு கை, அந்தக் கையில் பொம்மலாட்டக் கயிறு. பிறகு இருட்டிலிருந்து ஒரு தகப்பனின் முகம். தன் மகளுக்கு நடந்ததற்கு நியாயம் கேட்டு வந்திருக்கிறார். சண்டையோ சூடோ இல்லை. ஒருவர் உதவி கேட்கிறார், மற்றவர் செய்கிறேன் என்கிறார். கடன் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

நம் பக்கத்தில் தலைப்பு என்றால் நாயகனின் பெயர்தான். 1992-இல் அண்ணாமலையில் புள்ளி புள்ளியாகச் சூப்பர் ஸ்டார் என்று எழுத்து மின்னியபோது தியேட்டர் எப்படி அதிர்ந்தது என்று என் மாமா இன்றைக்கும் சொல்வார். அந்தச் சந்தோசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளைகளின் கதையில் கொண்டாட ஒரு நாயகன் இல்லை. கப்பம் கொடுக்கிற ஒரு கடைக்காரரைப் பற்றிய கதை அது. கதையைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். தொடக்கத்தை மட்டும் வேறு யாரோ ஒருவரின் படத்துக்கு வரைந்துவிட்டார்கள்.

சரி, துப்பாக்கி வேண்டாமென்றால் என்ன வைப்பது? வரைந்த தம்பி சட்டென்று சொன்னான்: "அப்ப புத்தகம் வைப்பம் அக்கா. நடுவில வெட்டின புத்தகம்."

எல்லோருக்கும் விளங்கியது. 2025 பெப்ரவரி 19, புதுக்கடை நீதிமன்றம். சட்டத்தரணி உடையில் வந்த ஒருவர் நீதிமன்ற அறைக்குள்ளேயே ஒருவரைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி உள்ளே போனது நடுவில் குடைந்த ஒரு புத்தகத்துக்குள். அந்தப் புத்தகத்தின் படம் அன்றைக்கு எல்லோர் போனிலும் வந்தது. காட்சியாக யோசித்தால் பலமான காட்சிதான். ஆனால் வேண்டாம் என்றேன். செத்தவர் யாராக இருந்தாலும் அது ஒரு கொலை. அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள் புள்ளி வாங்குவதற்காக அதை எடுத்து அழகு பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது. இன்னொரு காரணமும் சொன்னேன். செய்தி ஏற்கெனவே காட்டிவிட்ட படத்தைத் திருப்பிக் காட்டினால் பார்க்கிறவனுக்குச் செய்திதான் ஞாபகம் வரும், உங்கள் கடைக்காரர் ஞாபகம் வர மாட்டார்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் அதுவரை வாயே திறக்காமலிருந்த ஜம்பட்டா வீதிப் பிள்ளை கேட்டாள்: "புத்தகம் எண்டா கடைச் சிட்டையும் புத்தகம்தானே? எங்கட தாத்தாட கடையில இன்னும் இருக்கு."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

என் அப்பா பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 2007-இல் எனக்கும் இந்தப் பிள்ளைகளின் வயதுதான். அந்த வருடங்களில் கொழும்பில் தமிழ் வியாபாரிகள் கடத்தப்பட்டதும், ஆட்களைக் கடத்திப் போகிற வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் சத்தம் அடங்கியதும், என் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் முதலாளிக்கு ஒரு போன் கோல் வந்தது. யார் என்று கடைசிவரைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு மாதாமாதம் காசு போனது. போன காசுக்குக் கணக்கு வேண்டும் அல்லவா? அப்பா அதைச் சிட்டையில் "கோயில் திருப்பணி" என்று எழுதினார். நீல போல்பொயின்ட், அடிமட்டம் வைத்துக் கோடு, வழக்கமான குண்டு எழுத்து. எந்தக் கோயில் என்று முதலாளியும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, கடையை விட்டு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "பிள்ளை, அந்த வரியை எழுதேக்க மட்டும் என்ட கை நடுங்கும். ஆனா எழுத்து கோணக்கூடாது. கோணினா பாக்கிறவனுக்குத் தெரிஞ்சிடும்."

நான் இதைச் சொல்லி முடித்தபோது நாலு பேரும் தங்கள் பன்னிரண்டு கட்டத்தையும் மடித்து வைத்துவிட்டார்கள். நான் மடிக்கச் சொல்லவில்லை.

பிறகு நடந்தது முழுக்க அவர்களின் வேலை. முதல் ஷொட் வெற்றுப் பக்கம். மேலே நடுவில் ஒரு கை பிள்ளையார் சுழி போடுகிறது. கும்பல் படத்தின் முதல் எழுத்து "உ"! இதை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. பிறகு பக்கத்தின் நடுவில் கோடு, ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு. நடிகர்களின் பெயரெல்லாம் பற்றுப் பக்கத்தில், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு வரவுப் பக்கத்தில். ஒவ்வொரு பெயரையும் அந்தந்த ஆளே தன் கையெழுத்தில் எழுத வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பாண் விற்கிறவராக நடிக்கும் நண்பன் சிங்களப் பிள்ளை. அவன் தன் பெயரைச் சிங்களத்திலேயே எழுதட்டும், புறக்கோட்டைக் கடைச் சிட்டையில் இரண்டு எழுத்தும் கலந்து கிடப்பது புதுமையா என்ன. இடையில் ஒரு வரி மட்டும் "கோயில் திருப்பணி". அந்த வரிக்கு நேரே பெயர் இல்லை, தொகை மட்டும்.

படத்தின் பெயர் "கொடுக்கல் வாங்கல்".

இங்கேதான் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இது உயிர். லேப்டொப்பில் எடிட் செய்கிற பிள்ளை தலைப்பைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, எழுத்தெழுத்தாக வரும் எஃபெக்டைப் போட்டுப் பார்த்தாள். பாமினியில் "கொ" ஓர் எழுத்தில்லை. கொம்பு (ெ), க, அரவு (ா) என்று மூன்று துண்டு. அதனால் முதலில் கொம்பு மட்டும் தனியே வந்து நின்றது, ஒரு தூண்டில் மாதிரி. அடுத்து "கெ". அடுத்து "கொ". "ஐயோ, உடைஞ்சு வருது அக்கா" என்று அழிக்கப் போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். வேறு வேலைக்கு என்றால் அது பிழைதான். யுனிகோட்டில் போட்டாலும், மென்பொருளின் அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவை மாற்றாவிட்டால் கொம்பு இடம் மாறி நின்று மானத்தை வாங்கும். எத்தனையோ விளம்பரப் பலகைகளில் இதைப் பார்த்து நொந்திருக்கிறேன். ஆனால் இங்கே யோசித்துப் பாருங்கள். கையால் எழுதும்போதும் நாம் முதலில் கொம்பைத்தான் இழுக்கிறோம். கொம்பு, பிறகு க, பிறகு அரவு. "கொ" என்று எழுதிவிட்டுக் கை அங்கே ஒரு செக்கன் நிற்கட்டும். பாதாள உலகப் படம் என்று தெரிந்து உட்கார்ந்திருக்கிறவன் மனதுக்குள் "கொலை" என்று முடித்துவிடுவான். கை திரும்ப அசைந்து "டுக்கல்" என்று எழுதும். கொலையை நாம் காட்டவில்லை, அவனே கொண்டுவந்தான்.

இதைத் தமிழ் எழுத்துத்தான் தரும். ஆங்கிலத்தில் தலைப்பு வைத்து இரத்தம் வடியவிட்டிருந்தால் இது எங்கே கிடைத்திருக்கும்?

இசைக்கு, இணையத்தில் இறக்கிய பெரிய முரசுச் சத்தம் ஒன்று வைத்திருந்தார்கள். அதையும் விடச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு உங்கள் தெருவில் என்ன கேட்கும்? பாண் விற்று வருகிற சூன் பாண் ஆட்டோ. பீத்தோவனின் ஃபியூர் எலீஸ் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வரும். மெட்டு இருநூறு வருடத்துக்கு மேல் பழையது, உரிமை கேட்டு யாரும் வரப்போவதில்லை. சந்தியில் நின்று போனிலேயே பதியுங்கள். தூரத்தில் மெலிதாகத் தொடங்கி, கிட்டே வந்து, கடந்து போகும்போது சுருதி கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தில்தான் ஷட்டர் பாதி திறக்கும் சத்தம் வர வேண்டும். பேனை தாளில் உரசுகிற சத்தத்தை வேறாக, மிகக் கிட்டே வைத்து எடுங்கள். பாண் வாங்க ஒருவரும் வெளியே வராத ஒழுங்கை. அவ்வளவு பயம் போதும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். டிரோனுக்கு அனுமதி எடுக்க வேண்டும், அந்த அலைச்சல் தேவையில்லை. விளையாட்டுத் துப்பாக்கியை எக்காரணம் கொண்டும் பையில் வைத்துக்கொண்டு ரோட்டில் திரிய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், பெற்றோரும் கவனியுங்கள். ஒவ்வொரு பெயரும் இரண்டு தரம் வாசிக்கிற அளவுக்குத் திரையில் நிற்க வேண்டும். நம் பெயர்கள் நீளம், அவசரப்பட்டால் பாதியில் போய்விடும்.

போகும்போது ஜம்பட்டா வீதிப் பிள்ளை வாசலில் நின்று, "அந்தத் திருப்பணி வரியை ஆர் எழுதிறது அக்கா?" என்று கேட்டாள். அப்பா இப்போது இருந்திருந்தால் அவரையே எழுதச் சொல்லியிருப்பேன். "நான் எழுதிறன்" என்றேன். மூன்று நாளாகப் பழைய கொப்பியில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குண்டு எழுத்து இன்னும் வரவில்லை.

அவளின் தாத்தா கடைச் சிட்டை முழுக்க எழுதி முடிந்தது, அதில் படம் எடுக்க முடியாது. கொழும்பில் யாரிடமாவது சிவப்பு மட்டை போட்ட பழைய நீளச் சிட்டை, சில தாளாவது எழுதாமல் இருந்தால் கீழே சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது, ஞாயிறு விடிய படப்பிடிப்பு.