பூநாரைப் படம் சொல்லாத கோடியக்கரை

தை பிறந்தால் கோடியக்கரையில் பூநாரைகள் வந்து இறங்கிவிட்டன என்ற செய்தி நாளிதழ்களில் படத்துடன் வந்துவிடும். அந்தச் செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, பறவைகள் வருகின்றன, ஆகவே சதுப்புநிலம் நலமாகத்தான் இருக்கிறது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோமே, அதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. வலசைப் பறவைகளைப் பொறுத்தவரை, ஒரு வாழிடம் கண்ணெதிரே அழிவதைக் காட்டிலும், பார்வைக்கு மாறாமல் இருந்துகொண்டே உள்ளுக்குள் சீர்கெடுவது மோசமானது என்று நான் கருதுகிறேன். ஏரியை மூடிக் கட்டடம் எழுப்பினால் வழக்குத் தொடுக்க யாராவது முன்வருவார்கள். நீரின் உப்புத்தன்மை ஆண்டுக்கு ஆண்டு கூடுவதற்கு எதிராக யாரும் வழக்குத் தொடுப்பதில்லை.

ஆவணங்களைப் பார்த்தால் கோடியக்கரைக்கு ஒரு குறையும் இல்லை. 1967இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பெரும் வேதாரண்யம் சதுப்பையும் உள்ளடக்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 2002இல் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் அதுவே. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், அங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு ஆராய்ந்துவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர், கொசு உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகள் முன்பிருந்த அளவில் இல்லை என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்ளப் பூநாரையையும் கொசு உள்ளானையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். பூநாரைக்கு நெடிய கால்கள். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் நின்று மேயும். கடலைவிடப் பல மடங்கு உப்பேறிய நீரில் வாழும் உப்புநீர் இறாலும் பாசியும் அதற்கு நல்ல உணவு. சுமார் 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானின் நிலை வேறு. விரல் நீளம்கூட இல்லாத கால்களை வைத்துக்கொண்டு அது ஈரச் சேற்றிலும், சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள நீரிலும்தான் இரை தேட முடியும். அது உண்ணும் புழுக்களிலும் பூச்சிகளின் இளம்புழுக்களிலும் பெரும்பாலானவை ஓர் அளவுக்கு மேல் உப்பைத் தாங்குவதில்லை. காவிரியின் கடைமடையிலிருந்து சதுப்புக்கு வடிந்துவந்த நன்னீர் குறைந்து, உப்பளக் கரைகள் நீரோட்டத்தை மறித்து, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துப்போகும் ஓர் ஆண்டில், அதே சதுப்பு பூநாரைக்கு ஏற்றதாகவும் உள்ளானுக்குப் பட்டினி நிலமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். நாளிதழில் வருவது பூநாரையின் படம். சேற்று நிறத்தில் சேற்றோடு சேறாக ஓடித்திரியும் உள்ளானை எந்தப் புகைப்படக்காரர் தேடிப் போகிறார்?

பட்டினி என்றவுடன் செத்துக் கிடக்கும் பறவைகளைத் தேட வேண்டாம். வழிச்சத்திரத்தில் சோறு குறைந்தால் பயணி சத்திரத்து வாசலிலேயே விழுந்துவிடுவதில்லை. அடுத்த ஊருக்குப் போகும் வழியில்தான் விழுகிறான். இளவேனிலில் சைபீரியாவின் தூந்திரப் பகுதிக்குத் திரும்பும் முன் இப்பறவைகள் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும். சேர்க்க முடியாதவை தாமதமாகப் புறப்படும், வழியில் மடியும், அல்லது கூடு கட்டும் குறுகிய கோடையைத் தவறவிடும். இங்கே நேர்ந்த சீர்கேட்டின் விலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கொடுக்கப்படுவதால், நம் கணக்கில் அது ஏறுவதே இல்லை. 'ஆர்க்டிக் வெப்பமடைகிறது, மற்ற நாடுகளில் வேட்டையாடுகிறார்கள்' என்று நம்மவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அது நம் பங்கைத் தட்டிக்கழிக்கவே பெரும்பாலும் பயன்படுகிறது.

சட்டமும் இதற்குப் பெரிதாக உதவவில்லை. 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், உப்பு உற்பத்திக்கும் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மீன், இறால் வளர்ப்புக்கும் மனிதர் அமைத்த நீர்நிலைகளைத் தம் வரம்பிலிருந்து விலக்கிவிட்டன. தமிழ்நாட்டில் வலசைப் பறவைகள் எங்கே தங்குகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் இந்த விலக்கப்பட்ட பட்டியலில்தான். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் பாசனக் குளங்கள். சரணாலயம் என்ற தகுதி இருப்பதால் அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தப்பித்தன. அத்தகுதி வாய்க்காத எத்தனையோ கண்மாய்களுக்கும் உப்பளங்களுக்கும் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. ராம்சர் தளங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலிடம் என்று நாம் பெருமைப்படுவதை நான் குறைசொல்லவில்லை. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் உள்ள தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் யாராவது அளந்து வெளியிடுகிறார்களா என்றுதான் கேட்கிறேன். (சீமைக்கருவேலத்தை வெட்டுவதற்கு மட்டும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடுகிறது. வெட்டட்டும், வெளிமான்களின் புல்வெளிக்கு அது நல்லதே. உள்ளானுக்கு அதனால் ஒரு புழுகூடக் கூடுதலாகக் கிடைக்காது.)

உப்பளங்களை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1930இல் ராஜாஜி நடந்துபோய் உப்பெடுத்த வேதாரண்யத்தில், உப்பை நம்பி வாழும் குடும்பங்களை விலக்கிவிட்டுப் பறவைகளைப் பற்றிப் பேசுவது நியாயமும் ஆகாது. உப்பு இன்னும் அடர்ந்துவிடாத தொடக்கநிலைப் பாத்திகளில் நீர் ஆழமின்றி நின்றால் கரைப்பறவைகள் அங்கே மேயவே செய்கின்றன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 2003இல் ஏறத்தாழ 6,000 ஹெக்டேர் உப்பளங்களை அரசு வாங்கி, சிலவற்றைக் கடலோதத்துக்குத் திறந்துவிட்டு, சிலவற்றில் கரைப்பறவைகளுக்கென்றே நீர்மட்டத்தைத் தாழ்வாகப் பராமரிக்கிறது. நாம் வாங்கக்கூடத் தேவையில்லை. பெரிய உப்பள நிறுவனங்களின் குத்தகையைப் புதுப்பிக்கும்போது, மார்கழி முதல் பங்குனி வரை குறிப்பிட்ட பாத்திகளில் நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். கடைமடை வடிகால்களிலிருந்து சதுப்புக்கு இவ்வளவு நன்னீர் போய்ச் சேர வேண்டும் என்று நீர்வளத்துறையின் நீர்ப்பங்கீட்டிலேயே எழுதி வைக்கலாம். டெல்டா விவசாயியின் வயலுக்கே தண்ணீர் போதாத ஆண்டில் அது நடக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் எளிதான பதில் இல்லை. ஆனால் இன்றைய பங்கீட்டில் சதுப்பு ஒரு பயனாளியாகக்கூடக் குறிக்கப்படவில்லை என்றால், நல்ல மழை பெய்து மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டிலும் அதற்கென்று தண்ணீர் கேட்பதற்கு நீரைப் பங்கிடும் கூட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.