கருத்து யார்கிட்ட கேட்டாங்க?
மக்கள்கிட்ட கேட்டு கட்டுனா பொது இடம் தானா உயிரோட இருக்கும்னு கட்டுரைல சொல்றீங்க, யார்கிட்ட கேக்குறோம்ங்கிறதுதான் விஷயமே. மும்பை தாராவில எங்க சந்துல விடியக்காலைல இட்லி அவிக்கிறதுலேர்ந்து ராத்திரி பசங்க கேரம் ஆடுறது வரைக்கும் எல்லாம் வாசப்படிலதான், ஆனா கருத்து கேக்க மீட்டிங் வச்சப்ப வந்தது பூரா ஆம்பளைங்க, கேட்டது லிஃப்டும் பார்க்கிங்கும்! மாவாட்டுற அக்காங்களுக்கு அது வேலை நேரம், அவங்கள யாரு கேட்டா? எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்துல குடிசைக்கு பதிலா குடுக்குற மாடி வீடு 225 சதுர அடில ஆரம்பிச்சு 269 ஆகி இப்ப 300 ஆயிருக்கு, சந்தோஷம், ஆனா வாசல் எங்க? காரிடார்ல அடுப்பு வச்சா பில்டிங் சொசைட்டிலேர்ந்து நோட்டீஸ் வருது. மேல கமெண்ட்ல ஒருத்தர் மொட்டை மாடிய பொதுவா விட்டா போதும்னு எழுதிருக்கார், எங்க சித்தி பில்டிங்ல அதுக்கும் பூட்டுதான் சார், சாவி செக்ரட்டரி வீட்ல.