மூணாவது ஓட்டையில என்ன இருக்கு?

"ஜப்பான் மிஷின்ணே, அப்படித்தான் லேசா சுருக்குன்னு இருக்கும்."

பழைய வீடியோ கேம் மிஷினை வாங்கிக் கடையில வெச்சிருக்கறவங்க இதை ரொம்ப சாதாரணமா சொல்றாங்க, என்னமோ அது மிஷினோட பிறவிக் குணம் மாதிரி. அப்படி ஒரு குணம் எந்த மிஷினுக்கும் கிடையாது. ஜப்பான்ல செஞ்சாலும் சரி, அம்பத்தூர்ல செஞ்சாலும் சரி, தகரத்துல கை வெச்சா சுருக்குன்னு இழுக்கக் கூடாது. இழுத்தா, பெரும்பாலும் குத்தம் மிஷின்ல இல்ல. நம்ம சுவத்து பிளக் பாயின்ட்ல மேல இருக்கற அந்தப் பெரிய ஓட்டையில இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவுதான், குழந்தைங்க வந்து போற கடை வெச்சிருக்கறவங்க மட்டுமாவது படிச்சிடுங்க.

நான் தண்டையார்பேட்டை பக்கம் வயரிங் வேலை பாக்கறவன். கேம் மேல எனக்கு எந்த விரோதமும் இல்ல. 90கள்ல வண்ணாரப்பேட்டை சந்துல ஒத்த ரூபா காயினைக் கையில இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தன். கேப்காம் கம்பெனி 1993ல விட்ட அந்த டைனோசர் கேமோட நிஜப் பேரு எங்க யாருக்கும் தெரியாது. அதுல வர்ற ஒரு ஆளு பேரை வெச்சு "முஸ்தபா இருக்காண்ணே?"ன்னுதான் கேப்போம். அதனால பெரம்பூர்ல ஜூஸ் கடை வெச்சிருக்கற தம்பி ஒருத்தர் ஜப்பான்லேர்ந்து வந்த, உக்காந்து ஆடற மாதிரி மிஷின் ஒண்ணு வாங்கிட்டேன்னு சொன்னப்போ அவரை விட எனக்குத்தான் சந்தோஷம்.

போன்ல அவர் சொன்னது இது: "கரண்ட் அடிக்குதுண்ணே. ஆனா எல்லாருக்கும் அடிக்கல. சில பசங்களுக்கு மட்டும்தான்."

அந்த "சில பசங்க" யாருன்னு போய்ப் பாத்தா, செருப்பைக் கழட்டி வெச்சிட்டு ஆடறவங்க. ஜூஸ் கடைத் தரை எப்பவும் ஈரம். ரப்பர் செருப்போட நிக்கற ஓனருக்கு ஒண்ணும் தெரியல, வெறுங்காலோட நிக்கற பையன் ஜாய்ஸ்டிக் தட்டுல உள்ளங்கையை வெச்சதும் இழுத்துக்கறான். மிஷினுக்குப் பின்னாடி போனேன். ஜப்பான் வயர்ல ரெண்டு தட்டைப் பின். அதோட ஒரு பச்சை வயர் தனியா தொங்கும், அதுதான் எர்த்: தகரத்துல ஏறற கரண்டை மண்ணுக்கு இறக்கி விடற வழி. நம்ம ஊர்ல அதுக்குத்தான் அந்த மூணாவது ஓட்டை. அங்க பல பிளக்ல மூணாவது பின் இருக்காது, இந்தப் பச்சை வயரைத் தனியா ஒரு திருகுல மாட்டுவாங்க. இங்க யாரோ அதை அழகா சுருட்டி, இன்சுலேஷன் டேப் சுத்தி, கட்டி வெச்சிருக்காங்க. ரெண்டு பின் மல்டிபிளக் வழியா ஒரு ஸ்டெப்-டவுனுக்கு, அதாவது நம்ம 230 வோல்ட்டை 100 ஆக்கற டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகுது. ஸ்டெப்-டவுன்லேர்ந்து சுவத்துக்கும் ரெண்டே வயர்தான். ஆகமொத்தம், அவ்வளவு பெரிய இரும்புத் தட்டுக்கும் மண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.

"ஜப்பான்ல இதே மிஷினை எத்தனையோ வருஷம் ஆடியிருப்பாங்களே, அங்க அடிக்காமலா விட்டாங்க?"ன்னு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் கணக்கு.

இந்த மாதிரி மிஷின்ல பவர் சப்ளை வாசல்லயே ஒரு ஃபில்டர் இருக்கும். அதுல நீல நிறத்துல பொட்டு மாதிரி ரெண்டு சின்ன கெப்பாசிட்டர். ஃபேஸ்லேர்ந்து பாடிக்கு ஒண்ணு, நியூட்ரல்லேர்ந்து பாடிக்கு ஒண்ணு. இரைச்சல் கரண்டை எர்த்துக்கு அனுப்பறதுதான் அதோட வேலை. எர்த்தே இல்லாட்டி அந்தக் கசிவு பாடியிலயே தங்கி, தொடற ஆள் வழியா இறங்கும். அங்க சப்ளை 100 வோல்ட். கெப்பாசிட்டர் வழக்கமா வர்ற 4.7 நானோஃபாரட்டுன்னு வெச்சிக்கிட்டா, தொட்டவன் உடம்புல 0.15 மில்லி ஆம்பியர்தான் போகும். மனுஷத் தோலுக்குச் சுமார் 0.5 மில்லி ஆம்பியர்லதான் உணர்வே தெரிய ஆரம்பிக்கும். அதனால அங்க எர்த் விட்டுப் போயிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இங்க என்ன ஆச்சு? விலை கம்மியா கிடைக்கற ஸ்டெப்-டவுன் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே கம்பிச் சுத்துதான், அதுக்கு நடுவுலேர்ந்து ஒரு முனையை வெளிய எடுத்திருப்பாங்க. ரெண்டு பின் பிளக்கை எப்படி வேணும்னாலும் திருப்பிச் சொருகலாம் இல்லையா? திருப்பிச் சொருகினா, அவுட்புட்ல ரெண்டு முனைக்கு நடுவுல மீட்டர் சமத்தா 100 காட்டும். ஆனா அதே முனைகளை எர்த்துக்கு வெச்சு அளந்து பாருங்க, ஒண்ணு 230, இன்னொண்ணு 130. மிஷினோட பாடி ரெண்டுக்கும் நடுவுல 180 வோல்ட்ல மிதக்குது. கசிவு 0.53 மில்லி ஆம்பியர். சரியா அந்தச் "சுருக்"! ஜப்பான்காரன் மிஷின் பொய் சொல்லல, நாமதான் அதை வேற உயரத்துல தூக்கி வெச்சிருக்கோம்.

"அரை மில்லி ஆம்பியர்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு கூச்சல்?" நியாயம்தான், அரை மில்லி ஆம்பியர் யாரையும் கொல்லாது. என் பயம் அது இல்ல. இன்னிக்குச் சுருக்குங்கறது பாடிக்கு எர்த் இல்லைங்கறதுக்கு அத்தாட்சி. உள்ள ஒரு பழைய வயரோட தோல் வெடிச்சு பாடியில ஒட்டற அன்னிக்கு, அதே தட்டு, அதே ஈரத் தரை, அதே வெறுங்கால்... ஆனா அப்போ கரண்டைக் கட்டுப்படுத்த நடுவுல கெப்பாசிட்டர் இருக்காது. 10 மில்லி ஆம்பியர் தாண்டினா பிடிச்ச கையை விட முடியாது. 30ஐத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்னா நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாயிடும். டெஸ்டரை வெச்சுப் பாத்துட்டு "லேசாதான் எரியுது"ன்னு சொல்றவங்களுக்கு: கசிவுக்கும் டெஸ்டர் எரியும், நேரடி ஃபேஸுக்கும் எரியும். அதை நம்பி ஒரு முடிவுக்கு வராதீங்க.

சரி, பச்சை வயரைப் பிரிச்சு, மூணு பின் பிளக் போட்டா முடிஞ்சுதா? இங்கதான் நம்ம ஏரியா விஷயம் வருது.

வடசென்னையில பழைய வீடுகள், ஒண்டுக்குடித்தனங்கள், அதோட முன்பக்கத்தை இடிச்சுக் கட்டின கடைகள்னு எங்க போனாலும் மூணு ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும். மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி திறந்து பாத்தா, பல இடத்துல வயரே இருக்காது. தண்ணி வராத தெருக்குழாய் கணக்கா சும்மா நிக்கும். வயர் இருந்தாலும் அது போய்ச் சேர்ற எர்த் குழி எங்கன்னு ஓனருக்கே தெரியாது. மேல டைல்ஸ் ஒட்டியாச்சு, இல்லாட்டி மாடிப்படி கட்டியாச்சு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இன்னொரு தொல்லை. உப்பு மண்ணுல எர்த் நல்லாவே பிடிக்கும், ஆனா உப்புக் காத்து எர்த் குழியில இறக்கற ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) தலையில இருக்கற நட்டு போல்ட்டைத் தின்னுடும். கண்ணுக்கு முழுசா தெரியும், ஸ்பேனர் வெச்சுத் திருப்பினா பொடியா உதிரும்.

இந்த இடத்துல எங்க தொழில்காரங்களைப் பத்தியும் சொல்லியாகணும், கோவிச்சுக்காதீங்க. எர்த் இல்லைன்னு தெரிஞ்சதும் சிலர் பிளக் பாயின்ட்டுக்குள்ளயே நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயர் போட்டுடறாங்க. சுருக் நின்னுடும், கஸ்டமரும் சந்தோஷமா காசு குடுத்துடுவார். ஆனா ஒருநாள் நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போனா, உள்ள மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் வழியா வர்ற முழு 230 வோல்ட்டும் அந்தத் துண்டு வயர் வழியா மிஷின் பாடிக்கு நேரா வந்து நிக்கும். இதைச் செய்யறதுக்கு எர்த்தே இல்லாம விடறது மேல்னுதான் சொல்வேன். தண்ணிக் குழாய்ல எர்த் கட்டறதும் இதே ரகம். இப்போ பாதிக் குழாய் பிளாஸ்டிக், எர்த்தும் ஆகாது. இரும்பா இருந்தா பக்கத்து வீட்டு அம்மா குடம் வெக்கற இடத்துல கரண்ட் வரும்.

நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிஞ்சவங்க நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளந்து பாருங்க. கடையில ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் ஓடும்போது ரெண்டு மூணு வோல்ட் காட்டறது இயல்பு. லோடு ஓடும்போதும் சுத்தமா 0 காட்டினா சந்தேகப்படுங்க, உள்ள அந்தத் துண்டு வயர் இருக்கலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டறதால மட்டும் எர்த் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. மல்டிமீட்டர் இழுக்கற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், துருப்பிடிச்ச எர்த்தும் அதுக்குப் போதும். நாங்க 100 வாட் குண்டு பல்பு மாட்டிப் பாப்போம். அதை நீங்க செய்யாதீங்க. எர்த் விட்டுப் போயிருந்தா அந்த நேரம் வீட்ல எர்த் ஆன எல்லாத் தகரத்துலயும் கரண்ட் ஏறும். லைசன்ஸ் இருக்கற வயர்மேன், எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டு செய்யற வேலை அது. எர்த் டெஸ்டர் மீட்டரே கொண்டு வர்றவர் கிடைச்சா இன்னும் உத்தமம். எர்த் எப்படிப் போடணும்னு ஐ.எஸ். 3043னு ஒரு தரநிலையே இருக்கு. கேட்டுப் பாருங்க, முழிச்சா வேற ஆளைத் தேடுங்க.

மிஷின் பக்கம் செஞ்சது இதுதான். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத ரெண்டு தனிச் சுத்து வெச்ச ஸ்டெப்-டவுன் ஒண்ணு சுத்திக் குடுக்கச் சொன்னோம். அது வந்தாலும் எர்த் தானா தாண்டி வராது. சுவத்து எர்த்தை டிரான்ஸ்ஃபார்மர் பாடியில தொட்டு, அங்கேர்ந்து மிஷினுக்கு இழுக்கணும். உள்ள ஒரு போல்ட்டை எர்த் முனைன்னு வெச்சு, பவர் சப்ளை டப்பா, மானிட்டர் ஃப்ரேம், காயின் கதவு, ஜாய்ஸ்டிக் தட்டு எல்லாத்துக்கும் தனித்தனியா பச்சை-மஞ்சள் வயர். கதவும் தட்டும் கீல் வழியா பாடியோடதானே ஒட்டியிருக்குன்னு விட்டுடாதீங்க. கீல்ல பெயின்ட் இருக்கும், துரு இருக்கும், அது எர்த் ஆகாது. பெயின்ட்டைச் சுரண்டி, பல் வெச்ச வாஷர் போட்டு முறுக்கணும். முடிச்சதும் பிளக்கோட எர்த் பின்லேர்ந்து ஒவ்வொரு தகரத்துக்கும் ஓம்ஸ் (மின்தடை) பாத்தேன், எல்லாம் 1 ஓமுக்குக் கீழ. நம்ம ஊர்ப் பிளக்ல எர்த் பின் மத்த ரெண்டை விட நீளமா இருக்கறதே அது முதல்ல சேர்ந்து கடைசியா விடணும்னுதான். அந்தப் பின்னை வெட்டிட்டு ரெண்டு பின் ஓட்டையில சொருகறவங்களை நான் என்ன சொல்லித் திட்ட!

பசங்க யாரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டு பின்பக்கம் போயிடாதீங்க. பழைய பிக்சர் டியூப்ல 20,000 வோல்ட்டுக்கு மேல ஏறும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள தங்கியிருக்கலாம். சில மானிட்டர்ல சர்க்யூட் கிரவுண்டே மெயின்ஸோட (சுவத்து கரண்டோட) சேர்ந்திருக்கும், அதைப் பிரிச்சு வெக்கத்தான் உள்ள ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சிருப்பான். எடைக்குப் போடலாம்னு அதைக் கழட்டிட்டா, அவ்வளவுதான்.

கட்டட ஓனர் எர்த்துக்குப் புதுக் குழி தோண்ட லேசுல ஒத்துக்கல. "எம்.சி.பி. இருக்கே, விழுந்துடாதா?"ன்னார். கரண்ட் அளவுக்கு மீறிப் போனா தானா ஆஃப் ஆகற சுவிட்ச் அது. நல்ல எர்த், 5 ஓம்னே வெச்சிக்கலாம். பாடியில ஃபேஸ் ஒட்டினா ஓடறது அதிகபட்சம் 46 ஆம்பியர். 16 ஆம்பியர் சி-டைப் எம்.சி.பி. உடனே விழணும்னா குறைஞ்சது 80 வேணும். அதுவரைக்கும் அது யோசிச்சிக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு, அதாவது கரண்ட் வெளிய கசிஞ்சாலே ஆஃப் ஆகற சுவிட்சுக்கு, இந்தப் பிரச்சனை இல்ல. எர்த் இருந்தா ஆள் தொடறதுக்கு முன்னாடியே விழும், இல்லாட்டி ஆள் தொட்ட பிறகு விழும். பையன் மேல சோதனை பண்ணிப் பாக்கலாமான்னு கேட்டேன். மறுநாள் கடைக்குப் பின்னாடி பைப் இறங்கிச்சு. ஒண்ணு மட்டும் கவனிங்க, தனிச் சுத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடக்கற கசிவு ஆர்.சி.சி.பி. கண்ணுக்குத் தெரியாது. அதனாலதான் உள்ள ஒவ்வொரு தகரத்துக்கும் அவ்வளவு வயர் இழுத்தது.

ஆர்.சி.சி.பி.யில 'டி'ன்னு ஒரு பட்டன் இருக்கு, மாசத்துக்கு ஒருக்கா அமுக்கிப் பாக்கணும். போன வாரம் தம்பிகிட்ட "அமுக்கினியா?"ன்னு கேட்டேன். "பசங்க ஆடிட்டு இருந்தாங்கண்ணே, ஆஃப் ஆனா சண்டைக்கு வருவாங்க"ன்னார். கடை திறக்கறதுக்கு முன்னாடி அமுக்குப்பான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.