பகிடிவதையைப் பேராதனையின் மரபு என்று சொல்லாதீர்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புது பட்ச் வரும் காலத்தில் ஒவ்வொரு முறையும், புதியவர்களைச் சீனியர்கள் வதைக்கும் பகிடிவதை (ராகிங்) பற்றி இந்தக் கதை கிளம்பும். "பகிடிவதை கம்பஸ் மரபு. அதை எடுத்துவிட்டால் பேராதனை பேராதனையாக இருக்காது." சொல்பவர்களில் நான் மதிக்கிற நல்ல பிள்ளைகளும் உண்டு. ஆகவே கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன். பேச்சு மரபைப் பற்றித்தான் என்றால், அந்த வளாகத்தின் மரபை எடுத்துப் பேசுவோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் அதில் ஒன்றாயின. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர்கள் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காகத்தான் 1952இல் பேராதனையில் ஹந்தானை மலையடிவாரத்துக்கு, மகாவலிக் கரைக்கு வந்தார்கள். இராமநாதன், அருணாசலம் என்று எங்கள் ஆட்களின் பெயர்களிலும் விடுதிகள் எழுந்தன. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் தெற்கே காலியிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து பழகட்டும் என்று கட்டிய இடம் அது.

அப்படிக் கட்டிய விடுதிகளில்தான் இந்தக் கொடுமையும் வளர்ந்தது. 1975இல் விவசாய பீட மாணவி ஒருத்தி, வதை தாங்காமல் இராமநாதன் மண்டபத்தின் மாடியிலிருந்து குதித்தாள். மிச்ச வாழ்நாள் முழுவதும் எழுந்து நடக்கவே இல்லை. 1997இல் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன், சிரேஷ்ட மாணவர்கள் செய்யவைத்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போனான். அடுத்த வருடம் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து வருடம் வரை. பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பும் ஒரு காரியத்தைக் கூசாமல் மரபு என்கிறோம்.

ஆதரிப்பவர்களின் பெரிய வாதம், அது ஏற்றத்தாழ்வை அழிக்கிறது, பணக்காரப் பிள்ளையையும் கிராமத்துப் பிள்ளையையும் சமமாக்கி பட்சை ஒன்றாக்குகிறது என்பது. இதற்கு என்னுடைய பதில் 1960களின் பேராதனையில் இருக்கிறது.

அப்போது தமிழ்த்துறையில் சு. வித்தியானந்தன் இருந்தார். அவருக்கு முன்பே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதி மாணவர்களை மேடையேற்றியிருந்தார். வித்தியானந்தன் இன்னும் ஒரு படி உள்ளே போனார். படித்தவர்கள் திரும்பியும் பார்க்காத, 'நாட்டுப்புறத்தான் ஆட்டம்' என்று ஒதுக்கிய கூத்தை வளாகத்துக்குள் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர். தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை. ஊரில் விடிய விடிய வட்டக்களரியில் ஆடுவதை ஓரிரு மணித்தியாலத்துக்குச் சுருக்கி மேடைக்கு ஏற்றினார்கள். ஆட்டமும் தாளக்கட்டும் கெடாமல் அதைச் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பது கூத்து ஆடியவனுக்குத் தெரியும்.

என்னை உலுக்குவது அந்தக் கூத்துப் பயிற்சி நடந்த விதம். கூத்துப் பழக்கும் மட்டக்களப்பு அண்ணாவியாரிடம் பட்டம் இல்லை. ஆனால் மத்தளம் அவர் கையில். பல்கலைக்கழக மாணவன் அவர் முன்னால் நின்று தாளம் பிழைத்து, திருத்தி, மறுபடி ஆட வேண்டும். அங்கே சீனியரும் இல்லை, ஜூனியரும் இல்லை. கால் தாளத்தில் விழுகிறதா இல்லையா, அவ்வளவுதான். முழந்தாளில் நிற்க வைத்தும் தூஷணம் சொல்ல வைத்தும் வராத சமத்துவம் இப்படித்தான் வரும். அன்று மாணவனாக இராவணனாய் ஆடிய மட்டக்களப்பு மௌனகுரு, பிறகு பேராசிரியராகி இராவணேசனைப் புது மாணவர்களுக்குப் பழக்கி மறுபடி மேடையேற்றினார். மரபு என்றால் எனக்கு இது. பெற்றவன் அடுத்தவனுக்குக் கொடுத்தான், கொடுத்ததில் யாரும் நொந்துபோகவில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' சஞ்சிகை இன்னொன்று. எழுத்தாளர்கள் செங்கை ஆழியானும் செ. யோகநாதனும் பேராதனையில் படித்த காலத்திலேயே எழுதிக்கொண்டிருந்தவர்கள். இதையெல்லாம் மாணவர்கள்தான் செய்தார்கள், யாரும் யாரையும் மிரட்டாமல்.

"எங்களுக்கும் நடந்தது, நாங்கள் தாங்கினோம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு நடந்தது அநியாயம். அதை அநியாயம் என்று உங்களிடம் அன்று ஒருவரும் சொல்லாததுதான் அதைவிட வேதனை. அதற்கான கணக்கை இந்த வருடம் வந்த பிள்ளையிடம் தீர்க்காதீர்கள்.

தமிழ்ச் சங்கப் பொறுப்பில் இருக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு கேட்பு. புது பட்சின் முதல் மாதத்தை நீங்கள் கையில் எடுங்கள். ஒரு அண்ணாவியாரை அழையுங்கள், செலவுக்குப் பழைய மாணவர்களைக் கேளுங்கள், நானும் தருகிறேன். முதல் வருடத்தாரையும் இறுதி வருடத்தாரையும் கலந்து ஒரு சிறு கூத்துப் பழக்குங்கள். பெயர் கேட்பது, ஊர் கேட்பது, பாட்டுப் படிக்கச் சொல்வது எல்லாம் அங்கே தானாக நடக்கும். விருப்பமில்லாத பிள்ளை எழுந்து அறைக்குப் போனால் ஒருவரும் பின்னால் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.