கமிட் செய்தியைத் தமிழில் எழுதுங்கள்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் புது வரி விகிதங்களை அறிவித்தது. அமல் 22ஆம் தேதி. தீபாவளி அக்டோபர் 20. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த நாலு வாரம் எப்பேர்ப்பட்டது என்று தெரியும். எங்கள் பில்லிங் மென்பொருளை வைத்திருக்கும் ரெடிமேட் கடைக்காரர் மறுநாள் காலையிலேயே போன் பண்ணினார். “தம்பி, 22ஆம் தேதி கடை தொறக்கும்போது பில்லு சரியா வருமா?”

“வரும்ணே” என்றேன். 2017இல் இதே கேள்விக்கு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்த வித்தியாசத்துக்கு ஒரு பெரிய காரணம் கமிட் செய்தி, அதாவது மென்பொருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் கூடவே எழுதி வைக்கும் குறிப்பு.

அப்போது நான் வேறொரு சின்ன கம்பெனியில் இருந்தேன். மொத்தம் ஐந்து பேர். மென்பொருளின் மூல நிரலான சோர்ஸ் கோடு முழுக்க சீனியர் ஒருவருடைய கம்ப்யூட்டரில். ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் நியூ 2’. ஜூலை 1 ஜிஎஸ்டி வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த வாட் வரிக் கணக்கு எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது, ஒரு கடைக்கு மட்டும் ரவுண்டிங் ஏன் வேறு மாதிரி போகிறது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவசரத்தில் இரண்டு கடைகளில் தப்பான ஃபோல்டரைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம். அந்தக் கடைக்காரர்கள் ஒரு வாரம் கையால் பில் எழுதினார்கள். எங்களைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது பெரம்பூரில் ஏழு பேராக வேலை செய்கிறோம். “கிட், ரிவ்யூ, டெஸ்ட் எல்லாம் ஓ.எம்.ஆர். ஐடி கம்பெனிகளுக்குப்பா, நம்ம அளவுக்கு எதுக்கு?” என்று தொழிலில் உள்ள நண்பர்களே கேட்கிறார்கள். கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் மென்பொருள் கிட். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது ரிவ்யூ. அது சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது டெஸ்ட். நண்பர்கள் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் போனால் விஷயம் தெரிந்த இன்னொருவர் எங்காவது இருப்பார். நம்மிடம் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலே ஒரு கடையின் வேலை நிற்கும். காசும் காரணமில்லை. கிட் இலவசம், லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று அதற்குப் போதும். மற்றபடி பெரிய கம்பெனிகளின் தினசரி மீட்டிங், நூறு கட்டம் போட்ட வேலைப் பட்டியல் டிக்கெட் எல்லாம் எங்களிடம் கிடையாது. ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது, போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. கருவியைக் கொண்டுவந்து வைத்த பிறகும் எங்களிடம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வியாசர்பாடியிலிருந்து ஒரு தங்கை வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கடைக்காரர் வாயால் சொல்வதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். ஆனால் அவளுடைய கமிட் செய்திகளைப் பார்த்தால் ‘ஃபிக்ஸ்’, ‘அப்டேட்’, ‘சேஞ்சஸ்’, அவ்வளவுதான். ரிவ்யூவுக்கு அனுப்பினால் ‘ஓகே’ என்று திரும்பி வரும். அவளை மட்டும் சொல்வானேன், ஏழு பேரில் ஐந்து பேர் அப்படித்தான். என்ன மாற்றினோம் என்பதை கோடே காட்டிவிடும். ஏன் மாற்றினோம் என்பதை மனிதர் எழுதினால்தான் உண்டு. அந்த ‘ஏன்’ இங்கிலீஷில் வராததால் எழுதப்படாமலே போய்க்கொண்டிருந்தது. 2017இல் நாங்கள் தொலைத்ததும் அதைத்தான்.

ஒரு நாள் சொன்னேன், “நீ எங்கிட்ட பேசற மாதிரியே தமிழ்ல எழுதும்மா.” அன்றிலிருந்து எங்கள் வரலாறே மாறிவிட்டது. கமிட் செய்திகள் வரிசையாக இருக்கும் கிட் லாக்கின் வரலாற்றைச் சொல்கிறேன்.

ரெடிமேட் உடைக்கு முன்பு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. செப்டம்பர் 22 முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. கேட்டால் இரண்டு எண்ணை மாற்றுகிற வேலை மாதிரி இருக்கும். அவள் எழுதிய கமிட் செய்தி இது: “தள்ளுபடி கழிச்ச பிறகு வர்ற விலைக்குத்தான் ஸ்லாப் பாக்கணும். 2,600 ரூபா சுடிதார் 2,400க்கு வித்தா 5தான், 18 இல்ல. டெஸ்ட்ல 2,500, 2,501 ரெண்டும் போட்டிருக்கேன்.” அதற்குக் கீழே ரிவ்யூவில் அவளே ஒரு கேள்வி போட்டிருந்தாள்: “அண்ணா, 20ஆம் தேதி வாங்கின சட்டைய 25ஆம் தேதி திருப்பிக் கொடுத்தா எந்த வரி?”

எங்களில் யாரும் அதை யோசிக்கவில்லை. வாங்கிய பில்லில் போட்ட வரிதான், பொருளைத் திருப்பி எடுக்கும்போது கொடுக்கும் கிரெடிட் நோட்டிலும் வர வேண்டும். அப்படியானால் பழைய விகிதத்தை அழிக்கவே கூடாது. ஒவ்வொரு விகிதத்துக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று டேட்டாபேஸ் டேபிளில் வைத்தோம். இந்தக் கேள்வியை அவள் இங்கிலீஷில் கேட்க வேண்டியிருந்தால் கேட்டிருப்பாளா? கேட்டிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். ‘ஓகே’ என்று போட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போயிருப்பாள்.

விண்டோஸில் கட்டளை தட்டும் கருப்புத் திரையில் தமிழ் எழுத்து உடைந்து தெரியும், உண்மைதான். கோடு எழுதப் பயன்படும் விஎஸ் கோடு மென்பொருளில் நன்றாகவே வருகிறது. வேரியபிள், ஃபங்ஷன் பெயர்களெல்லாம் இங்கிலீஷிலேயே இருக்கட்டும். வெளிநாட்டு கஸ்டமருக்குச் செய்கிற வேலையில் செய்தியும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். நம் தெருக் கடைக்குச் செய்கிற வேலைக்கு அந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது?

பேக்கப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரி 31 அன்று, மற்றவர்களின் கோடை இணையத்தில் வைத்துப் பாதுகாக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக நேரடி டேட்டாபேஸை அழித்துவிட்டார். எடுத்து வைத்திருந்த பேக்கப்புகள் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்த நிலை. நாங்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு கடையின் பேக்கப்பை எடுத்து, காலியான கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, ஒரு பில் போட்டுப் பார்க்கிறோம். ஒரு நகல் கட்டாயம் ஊருக்கு வெளியே உள்ள சர்வரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் நின்ற தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

22ஆம் தேதி காலை கடை திறக்கும்போது நான் எம்.சி. ரோட்டில் நின்றிருந்தேன். முதல் பில் சரியாக வந்தது. மூன்றாம் நாள் ஒரு அம்மா பழைய பில்லோடு 1,400 ரூபாய் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கிரெடிட் நோட்டில் 12 சதவீதம் அச்சாகி வந்தது. கடைக்காரர் அதைப் படம் பிடித்து அனுப்பினார். நான் அப்படியே அந்தத் தங்கைக்கு அனுப்பிவிட்டேன்.